வன்னியிலை ஓ.ரி. (ஒக்கியுபேஷனல் தெரப்பி, தொழில்வழிச் சிகிச்சை) ஆரிட்டைக் காட்டலாம்? அம்மாவின்ரை வலக்கை

ஒட்டுசுட்டான் பெடியன் | யூன் 14, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், எழுதுறது இதுதான் முதல்.

அம்மாவுக்கு 61 வயசு. ஏப்ரல் கடைசியிலை பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திட்டுது. 12 நாள் வாட்டிலை வைச்சிருந்து துண்டு வெட்டி விட்டவை. பிசியோ பழக்கினதாலை ஊண்டுகோல் பிடிச்சு முத்தம் வரை நடக்கிறா. கைதான் பிரச்சினை. தோள் லேசா அசையுது, விரல் மடங்கினபடி கிடக்கு. இடக்கையாலை சோறு சாப்பிட வெக்கம். ஆரும் வீட்டை வந்தா "பசியில்லை" எண்டு கோப்பையைத் தள்ளி வைச்சிடுவா. தங்கச்சி தீத்தப் போனா அழுறா.

வாட்டிலை ஒரு நேர்ஸ் அக்கா "ஓ.ரி.யிட்டையும் ஒருக்காக் காட்டுங்கோ" எண்டு சொன்னவ. கிளினிக் போன நாள் வாசல்லை நிண்டவரிட்டை "ஓ.ரி. எங்கை அண்ணை" எண்டு கேட்டன். அவர் காட்டின வழியாலை போனா ஒப்பரேசன் தியேட்டர் வாசல். செருப்பைக் கழட்டச் சொல்லிக் கத்தினவை. பிறகு இன்னொருத்தரிட்டைக் கேட்டன், அவர் ஓவர்ரைம் காசு விசயம் எண்டு நினைச்சு ஒப்பீசுக்கு அனுப்பிவிட்டார். அதோடை பஸ்ஸுக்கு நேரமாச்செண்டு வந்திட்டம்.

நான் வவுனியாவிலை கடையிலை வேலை, சனி ஞாயிறுதான் வீட்டை. வன்னிக்குள்ளை ஓ.ரி. எங்கை இருக்கினம்? வீட்டை வருவினமோ? காசு எவ்வளவு வரும்?

---

முறிகண்டிக் கச்சான் | யூன் 14, இரவு 9.40

தம்பி சிரிச்சதுக்கு மன்னிக்கோணும். எங்கட மாமாவும் இப்பிடித்தான். கடுதாசியிலை "தொழில்வழிச் சிகிச்சை" எண்டு எழுதிக் குடுத்ததைப் பாத்திட்டு, "எனக்கு 70 வயசு, இனி என்ன தொழில் தரப்போறாங்கள்" எண்டு கேட்டவர்.

இனிப் போனா ஓ.ரி. எண்டு கேளாதேங்கோ. பிசியோ அறை எங்கை எண்டு கேட்டுப் போய், அங்கை நிக்கிறவையிட்டை விசாரியுங்கோ. ரெண்டும் அனேகமாப் பக்கத்திலை பக்கத்திலைதான் இருக்கும்.

---

கிளி ரீச்சர் | யூன் 14, இரவு 10.25

தம்பி, என்ரை மகனுக்கு மூளைவாதம், இப்ப 9 வயசு. ஏழு வருசமா ஓ.ரி. வாசல்தான் எனக்கு ரெண்டாம் வீடு, அதாலை வழி தெரியும்.

வன்னிக்குள்ளை எண்டா மாவட்டப் பொது வைத்தியசாலையளிலைதான் முதல் விசாரிக்க வேணும்: வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார். நீங்கள் ஒட்டுசுட்டான் எண்டபடியாலை மாங்குளத்தையும் மறக்காதேங்கோ. அங்கை ஆதார வைத்தியசாலையோடை புனர்வாழ்வுச் சிகிச்சைக்கெண்டே ஒரு கட்டடம் நெதர்லாந்து உதவியோடை கட்டி 2024 மே மாசம் திறந்தது. உங்களுக்கு ஒரே றோட்டு, ஒரே பஸ்.

ஆனா சும்மா போய் வாசல்லை நிண்டு ஒரு பிரயோசனமும் இல்லை. அம்மாவைப் பாக்கிற கிளினிக் டொக்டர் கொப்பியிலை எழுதி அனுப்ப வேணும். "டொக்டர், கையாலை ஒண்டும் செய்யேலாமல் இருக்கு, ஓ.ரி.க்கு எழுதித் தாங்கோ" எண்டு வாயைத் திறந்து கேளுங்கோ. கேளாட்டி எழுதமாட்டினம். அவைக்கு முன்னாலை 80 பேர் நிக்கினம். அரசாங்க ஆஸ்பத்திரி எண்டா காசில்லை.

போக முதல் போன் எடுங்கோ. ஆக்கள் இடமாற்றத்திலை போவினம், கிளினிக் நாள் மாறும். நான் ஒருக்கா மகனையும் தூக்கிக்கொண்டு ரெண்டு பஸ் ஏறிப் போக, அறை பூட்டிக் கிடந்தது. பக்கத்து அறையிலை "மிஸ் றெயினிங் போட்டா, வாற மாசம் வாங்கோ" எண்டு சொல்லிச்சினம். அண்டைக்கு பஸ்ஸிலை நான் அழுத அழுகை.

சின்னப் பிள்ளையள் எண்டா வழி வேறை. குடும்பநல மிட்வைஃபிட்டைத் தொடங்க வேணும். அவ வளர்ச்சிக் கொப்பியைப் பாத்து எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒப்பீசுக்கு அனுப்புவா, அங்கயிருந்து பிள்ளை டொக்டர், பிறகு ஓ.ரி. வாசிக்கிற தாய்மார் ஆரும் இருந்தா: "பொறுத்துப் பாப்பம், ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் நடப்பினம்" எண்டு சொல்லுற கிழவியளின்ரை கதையைக் கேளாதேங்கோ. நான் கேட்டு ஒன்றரை வருசம் விட்டனான்.

---

குளக்கட்டு | யூன் 15, காலை 6.05

பிசியோ, ஓ.ரி., ஸ்பீச் எண்டு ஒண்டுக்கு மூண்டு பேர். முந்தி எங்கட ஊர்ப் பரியாரியார் எண்ணெய் போட்டு உருவி, ஒத்தடம் குடுத்து எத்தினை பேரை எழுப்பி விட்டவர். 41 நாள் எண்ணெய் போடுங்கோ, கை தானா வரும்.

---

முறிகண்டிக் கச்சான் | யூன் 15, காலை 7.30

குளக்கட்டு அண்ணை, எழும்பின ஆக்களைத்தான் நீங்கள் றோட்டிலை கண்டிருப்பீங்கள். எழும்பாத ஆக்கள் வீட்டுக்குள்ளை கிடந்ததை ஆர் எண்ணினது?

---

நாலு சில்லு | யூன் 15, காலை 11.18

நான் முள்ளந்தண்டு அடிபட்டவன். 2009 இலை இருந்து சில்லுக்கதிரைதான். இந்த விசயத்திலை எனக்கும் நாலு கதை கிடக்கு.

முதல் ஆறு வருசம் எனக்கு ஓ.ரி. எண்டா என்னெண்டே தெரியாது. வீட்டை வந்து பாத்த ஆக்கள் எல்லாரும் ஒண்டில் போம் நிரப்பினவை, இல்லாட்டிப் படம் எடுத்தவை. ஒரு நிறுவனம் (பேர் வேண்டாம்) வீட்டு வாசலுக்குச் சாய்தளம் கட்டித் தந்தது. வாசல் ஒன்றரை அடி உயரம். அவை கட்டினது நாலரை அடி நீளம். கல்லும் சீமெந்தும் நல்ல தரம், குறை சொல்லேலாது. ஆனா அதிலை ஏற எனக்குப் பின்னாலை ரெண்டு பேர் தள்ள வேணும், இறங்கேக்கை முன்னாலை ரெண்டு பேர் பிடிக்க வேணும். இப்ப நாய் படுக்குது அதிலை.

பிறகுதான் ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்பினவை. அங்கை ஒரு ஓ.ரி. என்னைக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டிலை கக்கூசுக்கு எப்பிடிப் போறனீங்கள்?" அதுவரை ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. அவர்தான் கணக்குச் சொல்லித் தந்தவர்: ஒரு அங்குலம் ஏறுறதுக்குப் பன்ரண்டு அங்குல நீளம். ஒன்றரை அடி வாசலுக்கு 18 அடி வேணும். அவ்வளவு இடம் இல்லையெண்டா இடையிலை திருப்பி வளைச்சுக் கட்டலாம். கட்ட முதல் ஆரும் என்னட்டைக் கேட்டிருந்தா அதே சீமெந்திலை ஒரு தரமாவது ஏறக்கூடியதாக் கட்டியிருக்கலாம்.

இன்னொண்டு, கதிரையிலை இருக்கிற ஆக்கள் கால் மணித்தியாலம், அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா கையை ஊண்டி உடம்பைத் தூக்கிவிட வேணும். படுக்கையிலை எண்டா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்ட வேணும். இது தெரியாமல் படுக்கைப் புண் வந்து செத்த என்ரை கூட்டாளிமாரை எண்ண ரெண்டு கை காணாது.

முள்ளந்தண்டு அடிபட்ட ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா, உயிரிழை அமைப்போடை கதையுங்கோ. எங்களை மாதிரி ஆக்களே நடத்துறது. எங்கை எந்த டொக்டர், எந்தக் கிளினிக் எண்டு அவைக்கு அத்துப்படி. செயற்கைக் கால் எண்டா யாழ்ப்பாணத்திலை ஜெய்ப்பூர் நிறுவனம்.

தம்பி, அம்மாவின்ரை கேஸ் வேறை. ஆனா அவ என்ன செய்ய ஆசைப்படுறா எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

---

ரொறன்ரோ மாமா | யூன் 15, பிற்பகல் 2.50

தம்பி, இஞ்சை கைக்குப் போடுற றோபோ கிளவுஸ் விக்கிறாங்கள். சுவிச்சைப் போட்டா விரலை மடக்கி விரிக்கும். மருமகன் ஓகஸ்ட் மாசம் வாறார், குடுத்துவிடட்டோ? இல்லாட்டி ஸ்பொஞ் பந்து ஒரு டசின் அனுப்புறன், பிசையப் பிசைய விரல் விடும்.

---

கைவேலைக்காரி | யூன் 15, இரவு 8.33

நான் வடக்கில் ஒரு அரசாங்க வைத்தியசாலையில் ஓ.ரி. எந்த இடமெண்டு சொல்லமாட்டன், பிறகு இஞ்சையே கிளினிக் நடத்த வேண்டி வரும். நீட்டா எழுதப் போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வித்தியாசத்தை முதல் சொல்லுறன். பிசியோ கையைத் தூக்கப் பண்ணுவார். அந்தக் கையாலை சட்டை போடவும் தலை இழுக்கவும் தேத்தண்ணி ஆத்தவும் பழக்குறது நாங்கள். கை வராட்டி, வராத கையோடை அதையெல்லாம் எப்பிடிச் செய்யிறது எண்டும் பழக்குவம். தொழில் எண்ட சொல்லாலை வந்த வினை இது. எங்களுக்குத் தொழில் எண்டா ஒரு மனிசர் காலமை எழும்பினதிலை இருந்து படுக்கும் வரை செய்யிற எல்லாம்.

ஏன் ஊருக்குள்ளை ஆக்கள் இல்லை எண்டு கேப்பீங்கள். கனகாலமா இதைப் படிக்கிறதெண்டா கொழும்பு தேசிய வைத்தியசாலையோடை இருக்கிற பாடசாலைதான். இப்ப களனிப் பல்கலைக்கழகத்திலை பட்டப்படிப்பு இருக்கு. வெளியிலை வாற ஆக்கள் கொஞ்சப் பேர். அதிலை தமிழ் ஆக்கள் அதிலும் கொஞ்சம். பெரிய ஆஸ்பத்திரியளை நிரப்பவே காணாது. சிங்களப் பிள்ளையள் வந்தா அரைகுறைத் தமிழிலைதான் கதைப்பினம். அதுக்குப் பயந்து போகாமல் விடாதேங்கோ, எங்கட வேலை பாதி செய்து காட்டுறதுதான்.

வீட்டை வாறது எங்களுக்குக் கஷ்டம். வாகனம் இல்லை, விடுவினமும் இல்லை. அதாலை நீங்கள் வீட்டை எங்களிட்டைக் கொண்டு வாங்கோ. போனிலை வீடியோ எடுங்கோ: அம்மா கட்டிலாலை எழும்புறது, வாசற்படி ஏறுறது, சாப்பிடுறது. கதவு எவ்வளவு அகலம், கட்டில் எவ்வளவு உயரம், கக்கூஸ் குந்தி இருக்கிறதோ கொமட்டோ, கிணத்துக்கட்டு எவ்வளவு உயரம் எண்டு அளந்து எழுதுங்கோ. டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி ரெண்டும் வேணும். பாரிசவாதம் வர முதல் அவ ஒரு நாளை எப்பிடிப் போக்கினவ எண்டதையும் எழுதிக்கொண்டு வாங்கோ. எனக்கு ஸ்கான் றிப்போட்டைவிட அந்தக் கடுதாசி உதவும்.

பிந்தாதேங்கோ. முதல் மூண்டு தொடக்கம் ஆறு மாசத்துக்குள்ளைதான் கனக்கத் திரும்பும். அதுக்குப் பிறகும் வரும், மெல்ல மெல்ல.

அதுவரை வீட்டிலை: வலக்கையிலை பிடிச்சு இழுத்து எழுப்பாதேங்கோ, தோள் மூட்டு விலகிப்போகும். இருக்கேக்கை கைக்குக் கீழை தலையணை. உடுப்புப் போடேக்கை ஏலாத கையை முதல் விடுங்கோ, கழட்டேக்கை அது கடைசி. இடக்கைக்குக் கரண்டி குடுக்கிறதெண்டா பிடியிலை பழைய சைக்கிள் ரியூப்பைச் சுத்திவிடுங்கோ, மொத்தமா இருந்தா வழுக்காது. கோப்பைக்குக் கீழை ஈரத்துணி.

ரொறன்ரோ மாமா, பந்து வேண்டாம். விரல் இறுகி மடங்கியிருக்கிற கைக்குப் பந்து குடுத்துப் பிசையச் சொன்னா இறுக்கம்தான் கூடும். அந்தக் கைக்கு விரிக்கிற வேலைதான் தேவை. கிளவுசையும் ஒரு ஓ.ரி. கையைப் பாத்துச் சொல்லும்வரை வாங்காதேங்கோ. அந்தக் காசுக்கு அம்மாவை ஓட்டோவிலை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், எத்தினையோ தரம்.

குளக்கட்டு அண்ணை, லேசா எண்ணெய் பூசுறதுக்கு நான் எதிரி இல்லை, அம்மாமாருக்கு அது ஒரு ஆறுதல். ஆனா உருவி இழுக்க வேண்டாம். ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைஞ்ச கையிலை சுடுறது தெரியாது. கொப்பளிச்ச கையோடை வந்த ஆக்களைக் கண்டிருக்கிறன்.

அம்மா கதைக்கிறாவோ? வலப்பக்கம் விழுந்த ஆக்களிலை பேச்சும் அடிபடுறது கூட.

---

ஒட்டுசுட்டான் பெடியன் | யூன் 15, இரவு 9.05

நன்றி அக்கா. கும்பிட்டுக்கொண்டு எழுதுறன். கதைக்கிறா, ஆனா சொல்லு மாறி வருது. "தண்ணி" எண்டு கேக்க நினைச்சு "கோழி" எண்டுறா. நாங்கள் சிரிச்சா கோவம். கையிலை பிடிச்சுத்தான் இவ்வளவு நாளும் தங்கச்சி எழுப்பினவ. இண்டையோடை நிப்பாட்டியாச்சு.

நாலு சில்லு அண்ணை, அம்மாட்டைக் கேட்டன். கன நேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு குசினிப் பக்கம் காட்டி "புட்டு" எண்டா. சொல்லு மாறேல்லை.

---

கைவேலைக்காரி | யூன் 15, இரவு 9.20

அப்ப பேச்சுச் சிகிச்சைக்கும் சேத்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. சிரியாதேங்கோ, சொல்லைத் திருத்தித் திருத்திக் கொல்லவும் வேண்டாம். கையாலை காட்டினாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கோ.

புட்டு நல்ல விசயம். மாக் குழைக்கிறது, தேங்காய் திருவுறது, குழல் நிரப்புறது எல்லாம் எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி.

---

செட்டிகுளம் 77 | யூன் 17, மாலை 5.45

பிள்ளையளுக்கு ஓட்டிசம் தெரப்பி எண்டு ரவுணிலை ஒரு இடம், பேர் சொல்லேல்லை. மாசம் 25,000 கேட்டினம். அரை மணித்தியாலம் பிள்ளையை ஊஞ்சல்லை ஆட்டினவை, அவ்வளவுதான். கதவுக்கு வெளியிலை என்னை இருத்தி வைச்சினம். மூண்டு மாசம் கட்டினன். பிறகு ஒரு டொக்டர், "அவை பதிஞ்ச ஆக்களோ எண்டு கேட்டனீங்களோ?" எண்டார். கேக்கேல்லை. கேட்டன். கதையை மாத்திச்சினம்.

---

கைவேலைக்காரி | யூன் 17, இரவு 8.10

இதைக் கட்டாயம் எழுத வேணும் எண்டு நினைச்சனான். ஓ.ரி. எண்டு சொல்லுற ஆள் இலங்கை மருத்துவச் சபையிலை பதிஞ்சிருக்க வேணும். பதிவு இலக்கம் கேளுங்கோ. உண்மையான ஆள் கோவிக்கமாட்டார், தன்ரை இலக்கம் அவருக்கு மனப்பாடம். தாயைக் கதவுக்கு வெளியிலை வைக்கிற தெரப்பியிலை எனக்கு நம்பிக்கை இல்லை. கிழமையிலை அரை மணித்தியாலம்தான் பிள்ளை எங்களோடை. மிச்சம் முழுக்கத் தாயோடை. தாய்க்குப் பழக்காமல் ஆருக்குப் பழக்குறது?

கொழும்புப் பக்கம் போகக்கூடிய ஆக்களுக்கு ராகமையிலை களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடை அயத்தி எண்டு பிள்ளையளுக்கான நிலையம் இருக்கு. ஒருக்காப் போய் முழுசாப் பரிசோதிச்சு, என்ன செய்ய வேணும் எண்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தா, மிச்சத்தை ஊரிலை தொடரலாம்.

---

மரவேலை மாங்குளம் | யூன் 18, இரவு 7.22

எனக்குத் தெரப்பி தெரியாது, தச்சு வேலை தெரியும். ஆக்கள் வந்து "பிளாஸ்ரிக் கதிரையிலை ஓட்டை வெட்டித் தாங்கோ, அம்மா கக்கூஸ் இருக்க" எண்டு கேக்கினம். நான் வெட்டுறேல்லை. ஓட்டை போட்டா அதின்ரை கால் அகட்டும், ஒரு நாள் ஆளோடை போகும். பலகையிலை அடிச்சுத் தாறன், செலவு கொஞ்சம் கூட. ஆனா உயரம் எவ்வளவு எண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை. அக்கா, எவ்வளவு வைக்கிறது?

---

கைவேலைக்காரி | யூன் 18, இரவு 8.02

அண்ணை, உங்களைத்தான் தேடினனான்! அளவு ஆளுக்கு ஆள். இருக்கேக்கை பாதம் முழுசா நிலத்திலை பட வேணும், முழங்கால் சதுரமா மடங்க வேணும். பாரிசவாதக்காரருக்கு அதைவிட ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம் உயத்தினா எழும்புறது சுகம். கைப்பிடி ரெண்டு பக்கமும், ஊண்டினா ஆடக்கூடாது. காலுக்குக் கீழை றப்பர். ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி முழங்காலுக்குப் பின்னாலை இருந்து நிலம் வரை அளவுங்கோ.

---

நாலு சில்லு | யூன் 18, இரவு 9.15

கதிரை, கைப்பிடி, கக்கூஸ் திருத்துற செலவு எண்டா பிரதேச செயலகத்திலை சமூக சேவை உத்தியோகத்தரிட்டை எழுதிக் குடுங்கோ. மாற்றுத்திறனாளியளுக்கான மாசக் கொடுப்பனவும் அவரிட்டைத்தான். 2025 பட்ஜெட்டிலை 7,500 இலை இருந்து 10,000 ஆக்கினவை. உடனை கிடைக்கும் எண்டு நினைக்காதேங்கோ, வரிசை இருக்கு. ஆனா பேர் பதியாட்டி வரிசையிலையும் இல்லை. ஓ.ரி. ஒரு கடிதம் தந்தா அதையும் சேத்துக் குடுங்கோ, அளவு போட்ட கடிதம் எண்டா என்ரை சாய்தளம் மாதிரி ஆகாது.

---

குளக்கட்டு | யூன் 19, காலை 6.10

ஒத்தடம் சுடும் எண்டது எனக்குத் தெரியாத விசயம். மச்சானுக்கு இப்ப அதுதான் குடுக்கிறம். நிப்பாட்டச் சொல்லுறன். எண்ணெய் போடுவன்.

---

ஒட்டுசுட்டான் பெடியன் | யூலை 20, இரவு 8.48

பிந்திப் பதில் எழுதுறன், எல்லாரும் மன்னிக்கோணும்.

ரீச்சர் சொன்ன மாதிரி டொக்டரிட்டை வாய் திறந்து கேட்டன். ஒரு நிமிசத்திலை எழுதித் தந்தார். போன் எடுத்து நாள் கேட்டு, கடையிலை லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனன். இதுவரை மூண்டு தரம் போட்டம். இருக்கிறது ஒரு சிங்களப் பிள்ளை. அவவின்ரை தமிழும் அம்மாவின்ரை தமிழும் இப்ப ஏறக்குறைய ஒண்டு, அதாலை ரெண்டு பேருக்கும் நல்ல ஒட்டு. அந்தப் பிள்ளை "கோப்பை" எண்டதை "கோப்பி" எண்டு சொல்ல, அம்மா திருத்திவிட்டா. பாரிசவாதம் வந்த பிறகு அம்மா இன்னொரு ஆளைத் திருத்தினது அதுதான் முதல் தரம்.

வீடியோ எல்லாம் பாத்தவ. கட்டிலுக்குக் கீழை கல் வைச்சு உயத்தச் சொன்னவ. இரவிலை போட விரல் விரிச்சபடி இருக்க ஒரு ஸ்பிளின்ற் (கைத்தாங்கி) செய்து தந்தவ. இடக்கையாலை சாப்பிடுறதுக்கு ரியூப் சுத்தின கரண்டி. அம்மா முதல் மாட்டன் எண்டா. "ஆஸ்பத்திரிக் கரண்டி, மருந்து மாதிரி" எண்டு தங்கச்சி சொன்ன பிறகு வாங்கினவ. போன கிழமை பெரியம்மா வீட்டை வந்து நிண்டா. அம்மா கோப்பையைத் தள்ளேல்லை.

விரல் பெரிசா வரேல்லை, பொய் சொல்லேல்லை. பெருவிரல் கொஞ்சம் விரியுது. வலக்கையை மேசையிலை பாரம் மாதிரி வைச்சுச் சட்டியை அமத்திப் பிடிக்கப் பழக்கினவ, இடக்கையாலை மாக் குழைக்கிறா. கட்டி கட்டியாத்தான் இருந்தது. சாப்பிட்டம்.

அடுத்த கிளினிக் ஓகஸ்ட் 5. நிலத்திலை குந்தித் திருவுறது இனிச் சரிவராது, மேசையிலை பூட்டிச் சுத்துற திருவலை வாங்கச் சொன்னவ. முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு ரெண்டு இடமும் பாத்தன், நல்லது ஒண்டும் இல்லை. ஆருக்கும் எங்கையெண்டு தெரியுமோ?

---

மரவேலை மாங்குளம் | யூலை 20, இரவு 9.30

என்னட்டைப் பழசு ஒண்டு கிடக்கு, மனிசியின்ரை. பூட்டுற திருகாணி தேஞ்சு போச்சு, மாத்தித் தாறன். மேசை மொத்தம் எவ்வளவு எண்டு அளந்துகொண்டு ஞாயிறு வாங்கோ.